கண்மாய் வறண்டதென்று யார் சொன்னது?

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் எழுத நினைப்பது ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு. 2019-லும் 2024-லும் நடந்த முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 100 கேள்விகள். அதில் 25 பகுத்தறியும் திறன் கேள்விகள். தமிழிலேயே எழுதலாம். ஆனாலும் "அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் வரும்" என்று சிலர் அந்தப் பக்கமே போவதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. இதற்குத் தேவை ஒரு பேனாவும் மூன்று வட்டமும்தான்.

நம்ம ஊர்ச் சங்கதியை வைத்தே ஒரு கேள்வி பார்ப்போமா?

கூற்று 1: எல்லாக் கண்மாய்களும் நீர்நிலைகள்.
கூற்று 2: சில நீர்நிலைகள் வறண்டவை.
முடிவு அ: சில கண்மாய்கள் வறண்டவை.
முடிவு ஆ: சில நீர்நிலைகள் கண்மாய்கள்.

திருச்சுழிப் பக்கத்து ஆளுக்கு 'அ' பக்கம்தான் கை போகும். வறண்ட கண்மாய்க்குள்ளே கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் அல்லவா! கேள்வி போட்டவர் கண்ணி வைப்பது அங்கேதான். நமக்குத் தெரிந்தது வேறு, கேள்வி சொன்னது வேறு.

இப்போது படம் போடுங்கள். 'நீர்நிலை' பெரிய வட்டம். 'கண்மாய்' அதற்குள்ளே சின்ன வட்டம். 'வறண்டவை' மூன்றாவது வட்டம். அது பெரிய வட்டத்தை வெட்டினால் போதும். சின்ன வட்டத்தைத் தொட வேண்டியதில்லை. வறண்டது ஊருணியாக இருக்கலாம், தெப்பக்குளமாகவும் இருக்கலாம். தொடாமல் ஒரு படம் போட முடிந்தாலே 'அ' நிச்சயமில்லை என்று ஆகிவிடும். 'ஆ' அப்படியில்லை. எப்படிப் போட்டாலும் சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள்தான். எனவே விடை: 'ஆ' மட்டும்.

கணித மேதை ஆய்லர் 1768-இல் வெளியான தம் நூலில் இப்படித்தான் வட்டம் போட்டு விளக்கினார். பள்ளியில் படித்தோமே வென்படம், அது 1880-இல் வந்த அதன் தம்பி.

இன்னொரு கணக்கு. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஆனால் 'அ' விழுந்தால் "அ மட்டும்", "இரண்டும்" என்ற இரண்டு விடைகளும் சேர்ந்தே விழும். மிச்சம் இரண்டுதான். பாதிக் கேள்வி புரிந்தாலும் துணிந்து குறிக்கலாம்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு கேள்வி. "தேறியவர்களில் சிலர் பட்டணத்துப் பிள்ளைகள். ஆகவே நம்மால் தேற முடியாது." இந்த முடிவு சரியா? வட்டம் போட்டுப் பாருங்கள்!