வெயில் வெளுக்கும் சாக்கடை

கொல்கத்தாவின் கழிவுநீர் கிழக்கே போய் மீனாகத் திரும்பி வருகிறது. அந்த வேலையைச் செய்யும் குளங்கள் கேட்பதெல்லாம் வெயில் விழ இடம்.

விடியற்காலை. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் பைபாஸ் சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கட்டடங்கள் முடிந்து தண்ணீர் தொடங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆழமில்லாத குளங்கள். கரையோரம் ஆகாயத்தாமரை. இடுப்பளவு நீரில் நின்று வலையை வளைத்து இழுக்கும் ஆட்கள். வெயில் ஏறுமுன் அந்த மீன் துள்ளத் துடிக்க நகரத்துச் சந்தைக்குப் போய்ச் சேரும். இந்தக் குளங்களை வங்காளிகள் பேரி என்கிறார்கள். அவற்றை நிரப்புவது அதே நகரத்தின் சாக்கடைத் தண்ணீர்.

நாளொன்றுக்குச் சுமார் 75 கோடி லிட்டர் கழிவுநீர் கொல்கத்தாவிலிருந்து கால்வாய்கள் வழியே கிழக்கு நோக்கிப் போகிறது. மற்ற பெருநகரங்கள் இதைச் சுத்தம் செய்யக் கோடிக்கணக்கில் செலவழித்து நிலையங்கள் கட்டுகின்றன; நீருக்குள் காற்றை ஊத இரவும் பகலும் மோட்டார்களை ஓட்டுகின்றன. இங்கே அந்த நீரில் ஒரு பகுதி சுமார் 250 பேரிகளுக்குள் திருப்பிவிடப்படுகிறது. மீதி கால்வாயோடு ஓடி குல்ட்டி ஆற்றில் கலக்கிறது. பேரிகளில் கிடைக்கும் மீன் ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல். அவை செய்யும் சுத்திகரிப்புக்கு நகரத்துக்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

ஆறு செத்த கதை: ஒரு காலத்தில் இவை உப்பு ஏரிகள். வித்யாதரி ஆற்றின் வழியே கடல் ஓதம் ஏறி இறங்கும். கடல் மீன்கள் வளரும். ஆற்றில் வண்டல் படிந்துகொண்டே போய், 1928இல் அது செத்த ஆறு என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. உப்பு நீர் வருவது நின்றது. வந்தது சாக்கடை மட்டுமே. அதைக் குளத்தில் அளவோடு விட்டு நன்னீர் மீன் வளர்க்க உள்ளூர் மீனவர்களும் குளக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். எந்த ஆராய்ச்சிக்கூடமும் சொல்லித் தந்த வித்தையல்ல. பட்டுத் தெரிந்துகொண்டது.

குளிர்காலம் முடிந்ததும் குளத்து நீரை வடிப்பார்கள். அடிச் சேற்றைக் காயவிட்டு, கிளறி, சுண்ணாம்பு போடுவார்கள். பிறகு கழிவுநீரை விட்டு ஏறத்தாழ மூன்று வாரம் சும்மா விட்டுவிடுவார்கள். கருப்பாக உள்ளே வந்த நீர் மெல்லப் பச்சையாக மாறும். அதன் பிறகுதான் மீன்குஞ்சு. அந்த மூன்று வாரத்தில் நடப்பதுதான் முக்கியம்.

ஒரே நோட்டு, தினக்கூலி: சாக்கடை என்பது நகரம் சாப்பிட்டு மிஞ்சியது. மலம், சோற்றுப் பருக்கை, காய்கறித் தோல் எல்லாவற்றிலும் இருக்கும் முக்கியச் சரக்கு கார்பன். வயலில் நெல்லும் கீரையும் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, சூரிய ஒளியைக் கொண்டு கட்டிய மாவுப் பொருளின் மிச்சம் அது. அந்த வெயில் இன்னும் அதற்குள் கொஞ்சம் அடைபட்டுக் கிடக்கிறது.

குளத்துக்கு வந்ததும் முதல் பந்தி பாக்டீரியாக்களுக்கு. அவை கழிவைத் தின்று, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசித்து, கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. கழிவு மக்குவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றின் சுவாசத்தைத்தான். கழிவு அதிகமானால் பிராணவாயு தீர்ந்துபோகும், நீர் நாறும்.

இங்கேதான் பாசி கைகொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்பாசிகள் பாக்டீரியா விட்ட கரியமில வாயுவையும் கழிவிலிருந்து பிரிந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளையும் எடுத்துக்கொண்டு வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. உடம்பை வளர்த்துக்கொண்டு பிராணவாயுவைத் திருப்பித் தருகின்றன. பாக்டீரியா மறுபடி சுவாசிக்கிறது. மோட்டார் ஊத வேண்டிய காற்றைப் பாசி ஊதிவிடுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டு சரக்குகள் புழங்குகின்றன. இரண்டின் குணமும் வேறு. கார்பன், ஒரே ரூபாய் நோட்டு கை மாறுவது போல. கழிவிலிருந்து காற்று, பாசி, மீன், மீண்டும் மனிதர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றலோ தினக்கூலி. இன்று வந்த வெயில் கைக்குக் கை உழைப்பாகச் செலவழிந்து, கடைசியில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். ஒருமுறை போனது திரும்பாது. நாளைய வேலைக்கு நாளைய வெயில்தான் வர வேண்டும்.

இரவுக் கணக்கு: அந்தி சாய்ந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. சுவாசத்துக்கு ஓய்வு கிடையாது. பாக்டீரியா, பாசி, மீன் மூன்றும் பகலில் சேர்த்து வைத்த பிராணவாயுவை இரவு முழுக்கச் செலவழிக்கின்றன. விடியும் நேரத்தில் கையிருப்பு மிகக் குறைந்திருக்கும். கழிவை அளவு மீறி விட்ட குளத்தில் அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மேகம் மூடிய நாட்கள் தொடர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. வெயில் இல்லாமல் கழிவை விட்டால் ஒரே இரவில் குளம் முழுக்க மீன் செத்து மிதக்கலாம். எனவே அனுபவசாலிகள் நீரின் நிறத்தையும் வாசனையையும் பார்த்தே மதகைத் திறக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், வரவு பார்த்துச் செலவு.

நண்பகலில் நேர்மாறு. பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறும். அந்தக் காரமும் கடும் வெயிலும் மிகுந்த பிராணவாயுவும் சேர்ந்து மனிதக் குடலிலிருந்து வந்த கிருமிகளைக் கொன்று குவிக்கின்றன. ஆழமில்லாத குளத்தில்தான் இது நடக்கும். வெயில் அடிவரை எட்ட வேண்டும். பேரிகள் பெரும்பாலும் ஒரு மனிதனின் இடுப்பளவு, மார்பளவு ஆழமே இருப்பதன் ரகசியம் இதுதான்.

பத்தில் ஒன்று: பச்சை நீரில் விழும் வெயிலில் பாசி பிடித்து வைப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பாசியைத் தின்னும் உயிருக்கு அதில் தோராயமாகப் பத்தில் ஒன்றுதான் உடம்பில் ஒட்டும். மீதி சுவாசத்திலும் கழிவிலும் போய்விடும். அதைத் தின்னும் அடுத்த உயிருக்கு மறுபடி பத்தில் ஒன்று. சங்கிலி நீள நீளக் கடைசியில் இருப்பவருக்கு மிஞ்சுவது சொற்பம்.

பேரிக்காரர்கள் சங்கிலியைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கெண்டை நேராகப் பாசியையே வடிகட்டித் தின்கிறது. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை மேய்கிறது. ரோகு நடுவில், மிர்கால் அடியில் படிந்த மக்கலை. வேட்டையாடும் மீனுக்கு இங்கே இடமில்லை. ஏழை வீட்டுச் சமையலறைக்கும் மீன் கட்டுப்படியாவதற்கு இந்தக் குட்டைச் சங்கிலியும் ஒரு காரணம்.

வித்தைக்கு வரம்பும் உண்டு. கார்பனைச் சுவாசித்துக் காற்றில் விட்டுவிடலாம். குரோமியத்தை விட முடியாது. 1996இல் உச்சநீதிமன்றம் நகரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை வெளியேற்றச் சொன்ன பிறகு, அவற்றுக்கான வளாகம் எழுந்த பண்டாலா இந்த ஈரநிலத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவு வீட்டுச் சாக்கடையோடு கலந்தால் எந்தப் பாசியும் காப்பாற்றாது.

பொறியாளரின் தேடல்: இவ்வளவு பெரிய வேலை நடப்பது நகரத்துக்கே வெகுகாலம் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்க்கப் புறப்பட்டார் மாநில அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ். கால்வாயைப் பின்தொடர்ந்தவர் மீன் குளங்களில் போய் நின்றார். சுத்திகரிப்பு நிலையம் கட்ட வழிதேடியவருக்கு, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. இடத்தை வரைபடமாக்கியதும், உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் அவரே. 1990இல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது அவருக்குக் கிடைத்தது. 2018இல் காலமாகும் வரை அவர் வாதம் ஒன்றுதான்: இதை நடத்தத் தெரிந்த நிபுணர்கள் மீனவர்கள்.

இதற்குள் பாதி ஏரி போயிருந்தது. 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி உப்பு ஏரியின் வடபகுதியைத் தூர்த்துத்தான் சால்ட் லேக் என்ற புதுநகரம் எழுந்தது. பெயரில் மட்டும் ஏரி மிஞ்சியது. எஞ்சியதைக் காக்க ‘பப்ளிக்’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், ஈரநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் குளத்தோரம் மண் கொட்டுவதும், மண் மேல் சுவர் எழுவதும், அதன் மேல் வழக்கு எழுவதும் நின்றபாடில்லை.

குளத்தைத் தூர்ப்பவர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு: கொஞ்சம்தானே எடுக்கிறோம், மீதி இருக்கிறதே. இயந்திர நிலையமாக இருந்தால் சரிதான். இடம் குறைந்தால் மோட்டாரைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பேரியின் மோட்டார் வெயில். அது விழும் பரப்புக்கு ஏற்பத்தான் வேலை செய்யும். ஒரு ஏக்கர் தண்ணீர் மறைந்தால் ஒரு ஏக்கர் வெயிலின் உழைப்பு அன்றோடு நின்றுவிடும். கழிவு மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

சூரியன் தன் பங்கை நாள் தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அது தண்ணீரில் விழுவதா, மொட்டை மாடியில் விழுவதா என்பது கொல்கத்தாவின் கையில்.