சூடானால் நிற்கும் எஞ்சின்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை எங்கள் ஊர். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்த நாளிலிருந்து யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "எஞ்சினீயரு வாராரு" என்று கேலி வேறு! ஆனால் சித்தப்பாவின் வள்ளத்து எஞ்சினுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். மலர்க் குழு நண்பர்கள் "டெக்னிக்கலா ஏதாவது எழுதுடா" என்றபோது இதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் அது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 9.9 குதிரைத் திறன். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி தரும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 35 டிகிரியாவது வேண்டும். அதனால் குளிர்ந்த எஞ்சினில் அவசரப்பட்டு மாற்றினால் பிளக் நனைந்து நின்றுவிடும். இது கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம், சித்தப்பாவும் அந்தத் தப்பைச் செய்கிறவர் அல்ல.

அவருடைய எஞ்சினின் வியாதி வேறு. காலையில் இரண்டாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ராஜா மாதிரி ஓடும். பிறகு இரண்டு மூன்று தடவை விக்கிவிட்டு, பட்டென்று நிற்கும். கயிற்றைக் கை ஓயும்வரை இழுத்தாலும் அசையாது. அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஆனால் இந்த முறை பத்து நிமிடம்தான்.

கரையில் மெக்கானிக்கிடம் காட்டினார். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினார்கள். பிளக் இரண்டும் புதுசு. பிறகு "மண்ணெண்ணெயில தண்ணி" என்றார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிக் காட்டுவார்கள், அருமையாக ஓடும். ஓடாமல் என்ன செய்யும்? மேல் மூடியைக் கழற்றி வைத்து, லோடே இல்லாமல், ஐந்து நிமிடம்! டிரம்மில் ஓடுகிற எஞ்சினும் முழு வேகத்தில் வள்ளத்தைத் தள்ளுகிற எஞ்சினும் ஒன்றல்ல. சித்தப்பாவுக்கோ வியாபாரியிடம் வாங்கிய கடன் ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் விடியற்காலையில் தூண்டில் வளைவுப் பாறைகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அலை வள்ளத்தைப் பாறைப் பக்கமாகத் தள்ளுகிறது. சித்தப்பாவும் அவர் மகனும் துடுப்பு போட்டுத் தப்பித்து வந்தார்கள். அன்று மாலை, "இத வித்துட்டு மறுபடி கட்டுமரத்துல போறேன்" என்று சொல்லிவிட்டார். சித்தி ஒன்றும் பேசவில்லை.

நான் பெரிய ஆள் மாதிரி "ஓவர் ஹீட் சித்தப்பா" என்றேன். "பின்னால தண்ணி நல்லாத்தானே பீச்சுது மக்கா" என்றார். உண்மைதான். குளிர்விக்கும் தண்ணீர் சுற்றிவிட்டு வெளியே பீச்சும் சிறு தாரை தடைபடாமல் வந்தால், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் இறுகியிருந்தால் கயிறு இழுக்கவே கஷ்டமாக இருக்கும், அதுவும் இல்லை. என் டிப்ளமோ அங்கேயே கப்பலேறியது.

தெர்மல் லேபில் இதைச் சொன்னபோது எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் கேட்டார், "நின்ன நிமிஷத்துல என்ன இல்லைன்னு பார்த்தியா? கரைக்கு வந்து ஆறின பிறகு அது வேற எஞ்சின்டா." இவ்வளவு நாள் எல்லாரும் செய்த தவறு அந்த ஒரு வார்த்தையில் விளங்கியது. சூட்டில் மட்டும் உயிர் பெறுகிற கோளாறை ஆறிய எஞ்சினில் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை கடல் அமைதியாக இருந்த நேரம் பார்த்து நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்து வீட்டு வள்ளம் துணைக்கு வந்தது. இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது. நங்கூரத்தைப் போட்டோம்.

முதலில் எண்ணெய் டியூபில் இருக்கும் ரப்பர் பல்பைத் தொட்டேன். இது முக்கியம் நண்பர்களே. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு அடைபட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். எண்ணெய் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், எண்ணெய் வராமல் எஞ்சின் நிற்கும். சும்மா விட்டால் மெல்லக் காற்று புகுந்து மறுபடி ஓடும். சூட்டால் நிற்கிறது என்றே சத்தியம் செய்வோம்! அப்படியானால் பல்பு சப்பிப் போயிருக்கும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும். எங்கள் பல்பு கல் மாதிரி கெட்டியாக இருந்தது. எண்ணெய் வரத்தில் குறையில்லை.

அடுத்து பிளக். இரண்டையும் கழற்றினேன், இரண்டும் நனைந்திருந்தன. கையில் கொண்டுபோயிருந்த வேறு இரண்டு பிளக்குகளை ஒயரில் செருகி, நூல் பகுதி எஞ்சின் உடம்பைத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துக் கட்டினேன். துளைகளைத் துணியால் அடைத்து, சிந்திய எண்ணெயைத் துடைத்து, ஆவி போகக் கொஞ்சம் காத்திருந்த பிறகுதான் கயிற்றை இழுக்கச் சொன்னேன். (இதில் அவசரப்பட்டால் வள்ளமே பற்றிக்கொள்ளும்.) இரண்டிலும் பொறி இல்லை! துண்டைப் போர்த்தி இருட்டாக்கிப் பார்த்தும் இல்லை.

ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஒயரையோ மூடியையோ சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் செத்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து உடம்பைத் தொட்டாலும் பொறி போய்விடும். அதைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்த்தோம், அப்போதும் இல்லை. மிச்சம் சி.டி.ஐ. பெட்டியும், பொறிக்கு மின்சாரம் தயாரிக்கும் சார்ஜ் காயிலும்தான்.

சார்ஜ் காயில் ஃப்ளைவீலுக்கு அடியில், எஞ்சின் சூடு நேராக ஏறும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கரைக்கு வந்து புல்லர் போட்டு ஃப்ளைவீலை எடுத்தோம். சுத்தியலால் தட்டி எடுப்பவர்கள் உண்டு, காந்தமும் கீயும் கெடும், வேண்டாம். காயிலை லேபுக்குக் கொண்டுவந்து மல்டிமீட்டரில் அளந்தால் 250 ஓம். மேனுவல் சொன்ன அளவுக்குள்தான்! முகம் தொங்கிப் போனது. சார் எதுவும் சொல்லாமல் மேஜை விளக்கின் 100 வாட் பல்பை அதன் பக்கத்தில் இழுத்து வைத்தார்.

முள் மெல்ல நகர்ந்தது. 260, 270... இது இயற்கை. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு 0.39 வீதம் கூடும். 40 டிகிரி ஏறினால் 250 ஓம் ஏறத்தாழ 290 ஆக வேண்டும். 290ஐத் தொட்டதும் முள் துள்ளிக் கடைசிக்குப் போய் விழுந்தது. முடிவிலி. பல்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம், ஆறியதும் முள் தானாகத் திரும்பி வந்தது. தலைமுடி போன்ற அந்தக் கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ஆறியிருக்கும்போது முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் செம்பைவிடச் சுற்றியுள்ள பிசின் அதிகம் விரிவதால் அவை விலகிவிடும். அரை மணி நேரக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டாம் முறை பத்தே நிமிடம் ஓடியதும் அதனால்தான், எஞ்சின் முழுதாக ஆறவில்லை.

புதுக் காயில் வர ஒன்பது நாள் ஆயிற்று. மாட்டிய அன்று சித்தப்பா வேண்டுமென்றே இரண்டரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினார். எஞ்சின் வாங்க வந்த ஆளிடம் விலை படியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழைய காயிலை சார் வாங்கி லேப் அலமாரியில் வைத்திருக்கிறார். இரண்டாமாண்டு மாணவர்கள் அதை அளந்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். சார் பல்பைப் பிறகுதான் எடுக்கிறார்.