வாசகரெல்லாம் வாக்காளர் ஆவாரா?

1942இல் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழில் செய்தி தந்தார். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, படிப்பறியாதவரும் கேட்டனர். 1958இல் அவர் ‘நாம் தமிழர்’ இயக்கம் கண்டார். ஆனால், நாளிதழ் சென்ற ஊரெல்லாம் இயக்கம் செல்லவில்லை. 1967இல் அவர் பேரவைத் தலைவரானது திமுக அணியில் நின்றுதான்.

இத்தாலியின் பெர்லுஸ்கோனியோ, மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகளின் பலத்துடன் 1994இல் கட்சி தொடங்கிய சில மாதங்களிலேயே பிரதமரானார். இந்த வேறுபாட்டுக்குப் போட்டியே காரணம் என்பேன். இங்கே வேறு நாளிதழ்களும் மேடைகளும் படிப்பகங்களும் இருந்தன. அங்கே தனியார் தொலைக்காட்சி பெரும்பாலும் ஒருவர் கையில். ஆகவே, ஊடக அதிபர் அரசியலுக்கு வருவதைவிட, மாற்றுக் குரல் மறைவதையே நாம் அஞ்ச வேண்டும்.