நாம் நிற்கும் நிலம் நகர்கிறது

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோவை வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 6. அவிநாசியை உள்ளடக்கிய கொங்கு நிலமோ மிகத் தொன்மையான பாறைகளின் மீது அமைந்தது. உறுதிக்குப் பெயர்பெற்ற இந்நிலம் ஏன் அதிர்ந்தது? இந்தியாவைத் தாங்கும் புவித்தட்டு வடக்கே ஆசியாவை முட்டி நிற்கிறது. அந்த அழுத்தம் தட்டின் உட்பகுதியிலுள்ள பழைய பிளவுகளையும் தாக்குகிறது என்பதே நிலவியலார் தரும் விளக்கம்.

தட்டு நகர்வதற்குச் சான்று யாது? கண்டங்கள் முன்பு ஒன்றாயிருந்தன என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெக்னர் 1912இல் கூறினார். குளோசாப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் புதைபடிவங்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைப்பது அக்கருத்துக்குத் துணைநின்றது. ஆயினும் கண்டங்களை நகர்த்தும் விசை எதுவென அவரால் நிறைவாக விளக்க இயலவில்லை. அதனால் அறிஞர் பலர் அவரை ஏற்கவில்லை.

வலுவான சான்று நம் கடலிலிருந்தே வந்தது. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே, கடலுக்கடியில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர் உள்ளது. அங்கே மேலெழும் எரிகுழம்பு உறைந்து புதிய கடல்தரையாகிறது. உறையும் பாறை அக்காலப் புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. அத்திசை பன்முறை தலைகீழானதால், பின்னலாடையின் நிறக்கோடுகளைப் போல் கடல்தரையும் பட்டை பட்டையாக அமைந்துள்ளது. ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் ஆகியோர் இம்மலைத்தொடரின் அளவீடுகளைக் கொண்டு 1963இல் இதனை விளக்கினர். இன்று செயற்கைக்கோள் துணையுடன் நகர்வை நேரடியாகவே அளக்கின்றனர். தென்னிந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காகச் செல்கிறது. 1900க்குப் பின் அவிநாசி சுமார் 6 மீட்டர் இடம்பெயர்ந்துள்ளது.

இழுப்பது எது? குளிர்ந்து கனத்த கடல்தட்டு, ஆழ்கடல் அகழிகளில் புவியின் உள்ளே அமிழ்கிறது. மேசை விளிம்பில் தொங்கும் ஈரத்துணி எஞ்சிய துணியையும் இழுப்பதுபோல், அது தன் பின்னுள்ள தட்டையும் இழுக்கிறது. இதுவே முதன்மை விசை. உயர்ந்த கடலடி மலைத்தொடரிலிருந்து தட்டு சரிவதும் துணைசெய்கிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரைப் பிரிந்த இந்தியா, டெத்திஸ் கடல்தரை ஆசியாவின் கீழ் அமிழ்ந்தபோது ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் விரைந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியபின் வேகம் தணிந்தது, இமயம் எழுந்தது. மோதியபின்னும் நகர்வு ஓயாதது ஏன் என்பதில் விசைகளின் பங்கு குறித்த ஆய்வு தொடர்கிறது.

மலைகள் மேகங்களெனக் கடந்துசெல்வதைக் கூறும் அந்நம்ல் அத்தியாயத்தின் 88ஆம் வசனத்தை இந்த அறிவியலுக்கு முன்னறிவிப்பாகக் காட்டுவோர் உண்டு. முற்கால விரிவுரையாளர் பெரும்பாலோர் அதனை மறுமை நாளின் காட்சியாகவே கொண்டனர். ஆய்வுக் கருத்துகள் திருத்தம் பெறுபவை. அவற்றின் மீது இறைவசனத்தின் பொருளை நிறுத்துவது தகாது. அல்பிரூனி சுமார் 1030இல் எழுதிய இந்திய நூலில், மலையருகே பெருங்கற்களும் தொலைவில் சிறுகற்களும் மணலும் கிடப்பதைக் கண்டு, வடஇந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என முடிவுசெய்தார். படைப்பைச் சிந்திக்கப் பணித்த மறையை ஏற்ற அவர், கல்லின் வரலாற்றைக் கல்லிடமே கேட்டார். நமக்கும் அவ்வழியே ஏற்றது.