அ-பதிவேட்டில் இல்லாத கல்லறைகள்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் அறிவர் கோயில் ஓவியத்தையும் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மலைக்குச் சற்று முன்பாகப் பொட்டலில் வட்டம் வட்டமாகக் கிடக்கும் கற்களைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் குறைவு. அந்த ஓவியங்களைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த கல்லறைகள் அவை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அவற்றுக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து, அறிவிப்புப் பலகை நடப்படாத மற்றக் கல்வட்டங்களுக்குத்தான்.

கல்வட்டம் என்று நாம் காண்பது கல்லறையின் எல்லைக் கோடு மட்டுமே. சாமான் எல்லாம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அறை கட்டி, ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை குடைந்து, மேலே பெரிய மூடுகல்லை வைத்திருப்பார்கள். உள்ளே எலும்புகள், கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், சில இடங்களில் மணிகள். அறை இல்லாமல் தாழி மட்டும் புதைத்த வட்டங்களும் உண்டு. இறந்தவரை அடக்கும் முறைகள் ஐந்தை மணிமேகலை சொல்கிறது; தாழியில் கவிப்பதும் அவற்றில் ஒன்று. புதுக்கோட்டை சமஸ்தான அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கே.ஆர். சீனிவாசன் இந்த ஈமக்காடுகளைத் தேடி அலைந்து பார்த்தவர். 1946-இல், மத்தியத் தொல்லியல் துறை இதழான ‘ஏன்சியன்ட் இந்தியா’வில், தென்னிந்தியக் கல்லறைகளைத் தமிழ் இலக்கியத்தோடு சேர்த்து வைத்து எழுதினார். மண் அள்ள அனுமதி கொடுக்கும் அலுவலகங்களில் யாரும் அந்தக் கட்டுரையைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் கல்லறைகள் பெரும்பாலும் பாறையும் சரளையுமான மேட்டு நிலத்தில் இருக்கின்றன. விளையும் மண்ணை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மண்ணை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் போலும். அன்று பயிருக்கு ஆகாது என்று விட்ட அதே நிலம்தான் இன்று கிராவலுக்கும் செம்புராங்கல்லுக்கும் ஜல்லிக்கும் ஆகிறது. தைலமரத் தோட்டம் போடவும், வரப்பு வெட்டவும், மனை பிரிக்கவும் ஆகிறது. மூடுகல் பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே இருப்பதால், ஜேசிபி வாளி இரண்டு முறை இறங்கினால் போதும்.

அங்கே அழிவது கல் என்றுதான் நினைக்கிறோம். கல்லை வேறிடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளலாமே என்று சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் காலத்தைச் சொல்வது கல் அல்ல, அதைச் சுற்றியும் அதற்கு அடியிலும் உள்ள மண். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளித்தூண்டல் முறையில் கணக்கிட முடிகிறது. புரட்டிப் போட்ட மண் ஒரு பகல் வெயிலில் கிடந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணிகளைக் கரிமப் பகுப்பாய்வு செய்து, அவை ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையானவை என்று 2021-இல் அறிவித்தார்கள். தாழி இருந்த இடத்திலேயே இருந்ததால் வந்த முடிவு அது. லாரியில் ஏறிப் போன கிராவலுக்குள் அதே நெல் கிடந்திருந்தால் அது வெறும் உமிதான்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-இல் திருத்தினார்கள். மாநிலத்துக்கும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் அறிவிக்கை செய்யப்பட்ட இடத்துக்குத்தான் பொருந்தும். மற்றக் கல்வட்டம், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ அல்லது ‘பாறை’ என்று ஒரு புல எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த எண்ணுக்கு முறைப்படி அனுமதி வாங்கித் தோண்டுகிறவரைத் திருடன் என்று சொல்ல முடியாது. என் கவலை, அனுமதி இல்லாத குவாரியைவிட இந்த அனுமதி உள்ள குவாரியைப் பற்றியது. முன்னதைப் பற்றிப் புகாராவது கொடுக்கலாம், அதுவும் எளிதில்லை. திருமயம் வட்டத்தில் கல்குவாரி முறைகேடுகள் குறித்துப் புகார் கொடுத்துவந்த ஒருவர் 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார்; அது கொலை வழக்கானது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரான்ஸின் கார்னாக், நடுகற்களின் வரிசைகளுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். அங்கேயே 2023-இல், வீட்டு மராமத்துச் சாமான் கடை ஒன்று கட்டுவதற்காக ஏறத்தாழ 40 சிறு நடுகற்கள் அகற்றப்பட்டன. கட்டியவரிடம் அனுமதி இருந்தது. செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்தபோது, அவை உண்மையிலேயே தொன்மையான கற்கள்தானா என்று அரசுத் தரப்பு சந்தேகம் கிளப்பியது. சோதித்துப் பார்க்கக் கற்கள் இடத்தில் இல்லை.

புதையல் ஆசையும் ஒரு காரணம்தான், ஆனால் சிறிய காரணம். தோண்டியவருக்குக் கிடைப்பது உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்பும். பொன்னே கிடைத்தாலும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பக்தியால் நேரும் சேதத்தையும் சொல்ல வேண்டும். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, சிமென்ட் மேடை கட்டுவது, சுத்தம் செய்கிறேன் என்று புதரை வேரோடு பிடுங்குவது எல்லாம் மண் அடுக்கைக் குலைக்கும்.

கிராமத்தார் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், ஊர் எல்லைக்குள் கல்வட்டமும் தாழியும் உள்ள புல எண்களை எழுதித் தீர்மானம் போடலாம். புலப்பட நகல் வாங்கி, வட்டம் இருக்கும் இடத்தை அதில் குறித்து, கல்லை அசைக்காமல் எடுத்த படத்தோடு ஆட்சியருக்கும், கனிமவள உதவி இயக்குநருக்கும், மாநிலத் தொல்லியல் துறைக்கும், திருக்கோகர்ணத்திலுள்ள புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்பலாம். அறிவிக்கை வர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அந்தப் புல எண்ணில் அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், கையெழுத்துப் போடும் அதிகாரி தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.