ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், இப்போது நண்டு ரெஸ்டாரன்ட்! - குற்றாலம் அரண்மனைக்கு கொழும்பு சொல்லும் பாடம்

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால், தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே ரூட்தான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். தலை துவட்டிய கையோடு செங்கோட்டை ரோட்டில் பிரானூர் பார்டருக்குப் போய் பரோட்டா, சிக்கன். இந்த ரூட்டில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. அது குற்றாலத்தில் இருக்கும் திருவிதாங்கூர் மன்னர்களின் அரண்மனை.

மழைக்கால ஓய்வுக்காக அரச குடும்பம் வந்து தங்கிய இடம் இது. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, திருவிதாங்கூரின் கையில் இருந்த செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால், குற்றாலம் அரண்மனை கேரள அரசிடமே இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அந்தக் கட்டடத்தை இன்றும் பராமரிப்பது கேரளப் பொதுப்பணித் துறைதான்.

இப்படியான பழைய கட்டடங்களை என்ன செய்வது? பூட்டி வைத்தால் ஓடு நழுவும், கரையான் ஏறும், சுவரில் அரசமரம் முளைக்கும். இடித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை நேரில் பார்க்க, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் கொழும்புக்குப் போக வேண்டும்.

350 ஆண்டுக் கட்டடம்

கொழும்பு கோட்டைப் பகுதியில், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே, சிவப்பு ஓடு வேய்ந்த தாழ்வான கட்டடம் ஒன்று இருக்கிறது. பெயர் 'டச்சு ஆஸ்பத்திரி'. ஆனால், உள்ளே போனால் மருந்து வாசனை வராது. பூண்டும் மிளகாயும் வெண்ணெயில் வதங்கும் வாசனைதான் வரும்.

1656-ல் கொழும்பைப் போர்த்துக்கீசியர்களிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள், அதே நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனை இது. பல மாதங்கள் கப்பலில் வந்து நோயோடு கரையிறங்கிய மாலுமிகளுக்கும் கம்பெனி ஊழியர்களுக்கும் இங்கேதான் சிகிச்சை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கட்டியதற்குக் காரணமும் அதுதான். 1670-களில் கொழும்பில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பால் ஹெர்மன் என்பவர் சேகரித்துவைத்த இலங்கைத் தாவரங்களைக் கொண்டுதான், புகழ்பெற்ற தாவரவியலாளர் லின்னேயஸ் 1747-ல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தன் நூலை எழுதினார்.

நமக்கும் இந்த டச்சுக்காரர்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படையை 1741-ல் குளச்சலில் தோற்கடித்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. அவருடைய வம்சத்தின் ஓய்வு அரண்மனைதான் குற்றாலத்தில் இருப்பது.

குண்டுவெடிப்பைத் தாண்டி

ஆங்கிலேயர் காலத்துக்குப் பிறகும் இந்தக் கட்டடம் பல வேலைகள் பார்த்தது. 1980-களில் இங்கே கோட்டை போலீஸ் ஸ்டேஷன் இயங்கியது. 1996 ஜனவரி 31 அன்று அருகிலிருந்த மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் 90 பேர் அளவில் உயிரிழந்தார்கள். அந்த அதிர்வில் டச்சு ஆஸ்பத்திரியும் சேதமடைந்தது. போர்க்காலத்தில் கோட்டைப் பகுதி முழுக்கச் சோதனைச்சாவடிகள். வேலை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே தயங்குவார்கள்.

2009-ல் போர் முடிந்த பிறகு, நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டடத்தைச் சீரமைத்தது. 2011 டிசம்பரில் ரெஸ்டாரன்ட்களும் பார்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. புதுசாகக் கண்ணாடி மாளிகை எழுப்பவில்லை. சுமார் அரை மீட்டர் தடிமன் உள்ள பழைய சுவர்கள், பெரிய தேக்கு உத்தரங்கள், ஓட்டுக் கூரை, இரண்டு முற்றங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சுற்றிலும் திறந்த தாழ்வாரம். வெயிலில் நடந்து வந்து உள்ளே நுழைந்தால், நம் ஊர்ப் பழைய ஓட்டு வீட்டுக்குள் போன மாதிரி குளிர்ச்சி தெரியும்.

சங்கக்காராவின் நண்டு

இங்கே அதிகக் கூட்டத்தை இழுப்பது 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்'. சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவும், கிரிக்கெட் நட்சத்திரங்கள் குமார் சங்கக்காரா, மஹேல ஜெயவர்த்தனே இருவரும் சேர்ந்து தொடங்கியது. இலங்கையின் பெரிய களிநண்டுகள் நெடுங்காலமாக சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. அங்கே போய் 'சில்லி கிராப்' என்று பெயர் வாங்கும் நண்டை, பிடித்த ஊரிலேயே சாப்பிட வைக்கலாமே என்பதுதான் ஐடியா. அரை கிலோவில் தொடங்கி 2 கிலோ வரை, எடைக்குத் தகுந்த விலை. மிளகு நண்டு, பூண்டு-மிளகாய் நண்டு எல்லாம் நம் நாக்குக்குப் பழகிய ருசிதான். கையால்தான் சாப்பிட வேண்டும் என்பதால் ஏப்ரன் கட்டிவிடுகிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில டிப்ஸ். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மெனு விலையோடு சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்பதால் பில்லைப் பார்த்து அதிர வேண்டாம். பௌர்ணமி நாளான 'போயா' அன்று இலங்கை முழுக்க மது விற்பனை கிடையாது. குழந்தைகளோடு முற்றத்தைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், அதற்குக் காசு கிடையாது.

'பார்' என்றால் டாஸ்மாக்கா?

பழைய கட்டடத்தில் பார் என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பது இயல்பு. தமிழ்நாட்டில் பார் என்றால் நமக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று டாஸ்மாக் கடையை ஒட்டியது, இன்னொன்று நட்சத்திர ஹோட்டலுக்குள் இருப்பது. குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தின் ஓர் ஓரத்தில் பார் என்பது நமக்குப் பழக்கமில்லாதது. குற்றாலத்தில் குடித்துவிட்டு அருவிக்கு வருகிறவர்களால் பெண்களும் குழந்தைகளும் படும் அவஸ்தை தெரிந்தவர்கள், அங்கே இன்னொரு பார் வேண்டும் என்று நிச்சயம் கேட்க மாட்டார்கள்.

கொழும்பில் கவனிக்க வேண்டியது பாரை அல்ல, ஏற்பாட்டை. கட்டடத்தை இடிக்காமல் அறைகளை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முற்றம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தினமும் ஆள் நடமாட்டம் இருப்பதால், கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆள் நடமாட்டமும் பராமரிப்பும் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுக்காரர்கள் 19-ம் நூற்றாண்டில் கட்டிய 'மேரி' கட்டடம் சிதிலமடைந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியோடு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். இன்று நிற்பது அழகான கட்டடம்தான். ஆனால், அது பழைய கட்டடம் இல்லை. அதே புதுச்சேரியில் ஹோட்டலாகவும் ரெஸ்டாரன்ட்டாகவும் மாறிய பழைய தமிழ் வீடுகளும் பிரெஞ்சு வீடுகளும் ஜம்மென்று நிற்கின்றன.

குற்றாலம் அரண்மனைக்கு மது தேவையில்லை. ஒரு நல்ல சாப்பாட்டுக் கூடம், சுக்குக் காபி, திருவிதாங்கூரும் தென்காசியும் பகிர்ந்துகொண்ட வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறிய காட்சியகம் போதும். அவியலும் தோரனும் ஒரு பக்கம், சொதியும் கூட்டாஞ்சோறும் மறுபக்கம் என்று ஒரே இலையில் இரண்டு மாநிலமும் சேர்ந்துவிடும். சீஸனுக்கு வரும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி உள்ளே வந்தாலே பராமரிப்புச் செலவுக்குக் கை கொடுக்கும். இடம் தமிழ்நாட்டில், சாவி கேரளாவிடம் என்பதால், இரு அரசுகளும் பேசினால்தான் இது நடக்கும்.

அடுத்த சாரலுக்குப் போகும்போது, அருவிக்கும் பரோட்டாவுக்கும் நடுவே கால் மணி நேரம் ஒதுக்கி அந்த அரண்மனைப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். அப்படியே செங்கோட்டை நுழைவு வளைவில் இருக்கும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் ஊரிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடம் இருந்தால், அதில் என்ன வரலாம் என்று நினைக்கிறீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள்.