எழுத்துருவும் உடைமையும்: கணினித் தமிழ் பற்றிய அன்றாட வாதங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டிலும் இலங்கையிற் கணினி வழித் தட்டச்சுச் செய்யப்பெற்ற தமிழ்க் கோப்பொன்றை இன்று திறந்து பார்ப்போர் பல வேளைகளிற் காண்பது தமிழையன்று. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் விரவிய பொருளற்ற கோவையொன்றையே காண்பர். 'தமிழ்' எனுஞ் சொல் நிற்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்புப் பழுதடைந்துவிட்டதெனக் கருதி அதனை மூடிவிடுவோர் பலர். உண்மையில் அது பழுதடையவில்லை. பாமினி எனும் எழுத்துரு அக்கணினியில் இல்லை என்பதே அதன் பொருள்.

இச்சிறு நிகழ்ச்சியைச் சூழ்ந்து நமது ஆசிரியர் அறைகளிலும் அச்சகங்களிலும் மாணவரிடையேயும் நடைபெறும் வாதங்கள் பலவற்றை நாம் கேட்டுவந்துள்ளோம். பாமினியே கைக்குப் பழகியது, அதனை ஏன் கைவிடவேண்டும் என்பர் ஒரு சாரார். ஒருங்குறிக்கு மாறாதோர் காலத்தோடு ஒவ்வாதவர் என்பர் மற்றொரு சாரார். கைத்தொலைபேசியில் உரோமன் எழுத்துகளைக் கொண்டு தமிழ் எழுதும் இளைஞரை மொழிப்பற்று அற்றோர் எனக் கடிந்துரைப்போரும் உளர். இம்மூன்று வாதங்களுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. அவை பிரச்சினையைப் பழக்கம், இரசனை, பற்று என்னும் தனிமனித நிலைகளிலேயே வைத்து நோக்குகின்றன. எழுதுதற்குரிய சாதனம் யாரால், எச்சந்தைக்காக, எவ்வுடைமை உறவுகளின் அடிப்படையில் உருவாக்கப்படுகின்றது எனும் வினா அங்கு எழுவதேயில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

எழுத்துத் தொழில்நுட்பம் தமிழிற்கு வெளியிலிருந்து வந்து சேர்வதும், வந்ததன் பின்னர் தமிழர் அதனைத் தம்வயப்படுத்த முயல்வதும் புதியனவல்ல. 1554 ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அச்சேறிய தமிழ் நூல் உரோமன் எழுத்திலேயே அமைந்தது. தமிழ் எழுத்திலமைந்த 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578 இலேயாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா, ஆங்கிலத்திற்கென அமைந்த தட்டச்சுப்பொறியின் குறுகிய இடத்துள் தமிழெழுத்துகளை அடக்குதற்கு ஒரு விசைப்பலகையை வகுத்தார். 247 எழுத்துகள் எனக் கணக்கிடப்படும் நெடுங்கணக்கைச் சில பத்து விசைகளுக்குள் ஒடுக்குதல் வெறும் பொறியியற் பிரச்சினையன்று. பிறிதொரு மொழியின் தேவைக்கென உற்பத்தியான பொருளை நாம் நமது தேவைக்கு வளைக்கும்போது எழும் பிரச்சினை அது.

கணினியின் வருகையும் இதே அமைப்பையே மீண்டும் தோற்றுவித்தது. தொடக்ககாலக் கணினிகள் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே எண்களை ஒதுக்கியிருந்தன. தமிழில் எழுத விரும்பியோர் கண்ட வழி எளிமையானது: ஆங்கில எழுத்தின் எண்ணை அவ்வாறே விட்டுவிட்டு, அவ்வெழுத்தின் வடிவத்தை மட்டும் தமிழ் வடிவமாக மாற்றினர். 'ஜே' எனும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரையிலே 'த' தோன்றும். ஆயின் கணினியின் நினைவகத்தில் இருப்பது அந்த ஆங்கில எழுத்தே. சுருங்கக் கூறின், பாமினியிலே தமிழ் என்பது ஆங்கிலத்தின் மீது போர்த்தப்பட்ட ஓர் ஆடையாகும். ஆடையை நீக்கியவுடன் உள்ளிருப்பது வெளித்தெரிகிறது.

2

இம்முறையின் விளைவுகள் இரண்டு. முதலாவது, எழுத்துருவை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கேற்ற ஒழுங்கை வகுத்தமையால் ஒருவருடைய எழுத்துருவில் ஆக்கிய பனுவல் மற்றவருடைய எழுத்துருவிற் குப்பையாயிற்று. எழுத்துருவை விற்ற நிறுவனங்களுக்கு இது பாதகமன்று. ஒரு பதிப்பகம் தன் நூல்களையெல்லாம் ஓர் எழுத்துருவிற் கோத்துவிட்டால் அதனை விட்டு வெளியேறுதல் எளிதன்று. வாங்குவோன் பெறுவது எழுத்து வடிவம். விற்போன் பெறுவதோ வாங்குவோனின் எழுத்துகள் அனைத்தின்மீதுமான பிடி. இரண்டாவது, இவ்வாறு ஆக்கப்பட்ட பனுவலைத் தேடுபொறிகள் தமிழென அறியா. அகரநிரலாக அடுக்கவோ சொற்களை எண்ணவோ இயலாது. இலக்கிய ஆய்வாளருக்கு இதனாலேற்படும் இழப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்றும் முயற்சிகள் தமிழரிடையே தோன்றவே செய்தன. பல நாடுகளிற் சிதறி வாழ்ந்த ஆர்வலர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இணையவழிக் கலந்துரையாடலின் மூலம் 'திஸ்கி' எனும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பெப்ருவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு 'தாப்', 'தாம்' எனும் குறியேற்றங்களையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. இலங்கையிலோ ரெங்கநாதன் விசைப்பலகை வழக்கில் நிலைத்தது. பொதுமை வேண்டித் தோன்றிய முயற்சிகளே பலவாகப் பிரிந்தமை தமிழரின் ஒற்றுமையின்மையைக் காட்டுவதாகச் சிலர் நகையாடுவர். அது மேலோட்டமான விளக்கம். அரசுகளின் எல்லைகளாலும் புலப்பெயர்வாலும் பிளவுண்ட ஒரு மொழிச் சமூகம், எல்லோரையும் கட்டுப்படுத்தும் நிறுவன வலிமை எதுவுமின்றி இயங்கியபோது, இவ்வாறு நேர்ந்தமை வியப்பிற்குரியதன்று.

3

இதற்கிடையில், ஐக்கிய அமெரிக்காவின் பெருங் கணினி நிறுவனங்கள் ஒருங்குறிச் சேர்த்தியம் எனும் அமைப்பை நிறுவி, 1991 இல் ஒருங்குறியின் முதற் பதிப்பை வெளியிட்டிருந்தன. உலகின் எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்குதல் அதன் குறிக்கோள். இங்கு ஒரு முரண்பாட்டை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். உலகச் சந்தையை ஒன்றாக்க முனையும் மூலதனமே உலக மொழிகளுக்குப் பொதுவான அடித்தளம் ஒன்றையும் இட்டது. தமிழெழுத்துக்கு ஆங்கில ஆடை வேண்டாத நிலை அதனால் உண்டாயிற்று. இதனை மறுப்பது வரலாற்றுணர்வாகாது. அதேவேளை, அவ்வடித்தளம் யாருடைய தேவைகளின் வரிசைப்படி இடப்பட்டது என வினவாதிருப்பதும் வரலாற்றுணர்வாகாது.

தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இது விளங்கும். அவ்வமைப்பு இந்திய அரசின் 1988 ஆம் ஆண்டு 'இஸ்கி' நியமத்தை அடியொற்றியது. தேவநாகரியின் வரிசையே இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் சட்டகமாயிற்று. எனவேதான் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாய் உள்ளன; வடமொழி வருக்க எழுத்துகளுக்குரிய அவ்விடங்களில் தமிழுக்கு எழுத்தில்லை. றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டமையால், எண்ணொழுங்கில் அடுக்கின் தமிழ் அகராதி ஒழுங்கு கிட்டாது. அதற்கென வேறு விதிகளை எழுதவேண்டும். தமிழிலக்கண மரபு மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாகும் எனக் கொள்ள, ஒருங்குறியோ அகரமேறிய 'க' வை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு புள்ளி சேர்த்து 'க்' எனும் மெய்யைப் பெறுகின்றது. இவ்வமைப்பைத் திருத்தவும் இயலாது. ஒருமுறை இட்ட எழுத்தை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறியின் உறுதிப்பாடாகும். முடிவெடுக்கப்பட்டபோது அவையில் இல்லாதோர் அம்முடிவுடன் என்றென்றும் வாழவேண்டியவராகின்றனர்.

நடைமுறையில் இதன் விலை யாது? 'யாழ்ப்பாணம்' எனுஞ் சொல் நம் கண்ணுக்கு ஆறெழுத்து. ஒருங்குறியில் அது 11 குறிகள். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியொன்றில் ஆங்கிலத்திற்கு 160 இடங்கள் உண்டு; தமிழுக்கு 70 மட்டுமே. ஆகவே ஊரின் பெயரை ஒருமுறை எழுதினாற் செய்தியின் ஆறிலொரு பங்கு தீர்ந்துவிடும். ஒரே செய்தியைத் தமிழில் அனுப்புவோர் இரண்டு மூன்று செய்திகளுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்த நேர்கின்றது. இன்றைய மொழி மாதிரிகளிலும் இதே நிலை வேறு வடிவிலே தொடர்கின்றது. அவை பனுவலைத் துண்டுகளாக்கித் துண்டொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிடுகின்றன. ஒரே பொருளைத் தரும் வாக்கியம் ஆங்கிலத்திலும் பார்க்கத் தமிழிற் பொதுவாகக் கூடுதலான துண்டுகளாகின்றது.

2010 இல் தமிழ்நாட்டரசு, தமிழின் உயிர்மெய்கள் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தரும் 'டேஸ்16' எனும் குறியேற்றத்தையும் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. இலக்கண நோக்கில் அது ஒழுங்கானது. எனினும், கைத்தொலைபேசிகளையும் இயங்குதளங்களையும் உற்பத்தி செய்வோர் அதனை ஏற்காதவிடத்து மக்களின் கைகளில் அது வேரூன்றவில்லை. சரியான கருத்து மட்டும் போதாது. அதனை நடைமுறைப்படுத்தும் உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் உள்ளன என்பதே முடிவைத் தீர்மானித்தது.

4

இப்பின்னணியில் நோக்கும்போது நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட வாதங்கள் வேறு தோற்றம் பெறுகின்றன.

பாமினியைப் பற்றி நிற்போரைப் பழைமைவாதிகள் என ஒதுக்குதல் தகாது. ஒருங்குறி 1991 இற் காகிதத்தில் இருந்தபோதும், விண்டோஸ் இயங்குதளம் 'லதா' எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியை ஏற்றது 2000 ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட ஆண்டுகளில் நமது சஞ்சிகைகளும் ஆய்வேடுகளும் மலர்களும் வெளிவரவேண்டியிருந்தன. நெகிழ்வட்டுகளிற் கைமாறிப் பரவிய எழுத்துருக்களே அப்பணியைச் செய்தன. அதன் பின்னரும் அச்சகங்கள் பயன்படுத்திய 'பேஜ்மேக்கர்' போன்ற மென்பொருள்கள் தமிழ் ஒருங்குறியை ஏற்கவில்லை. புதிய மென்பொருளும் புதிய கணினியும் வாங்க வசதியற்ற சிற்றச்சக உரிமையாளரும், பக்கமொன்றுக்கு இவ்வளவெனக் கூலிபெறும் தட்டச்சாளரும், தம் கைப்பழக்கத்தையே மூலதனமாகக் கொண்டோர். அவரிடம் போய் 'மாறுங்கள்' எனக் கூறுவோர், மாறுதற்கான செலவை யார் பொறுப்பது என்பதையும் கூறவேண்டும்.

உரோமன் எழுத்திற் தமிழ் எழுதும் இளைஞர் குறித்தும் இவ்வாறே கூறலாம். 2010 ஆம் ஆண்டளவிலும் பல கைத்தொலைபேசிகளிற் தமிழ் வெறும் பெட்டிகளாகவே தோன்றிற்று. தமிழிற் சிந்திக்கும் ஒருவன் கையிலிருந்த பொறி தமிழை ஏற்காதபோது உரோமன் எழுத்தை எடுத்தான். அது துரோகமன்று, மொழியைக் கைவிடாதிருக்க அவன் கண்ட வழி. இன்று கைத்தொலைபேசிகளிற் தமிழ் விசைப்பலகை எளிதிற் கிடைக்கின்றது. ஆயினும் ஒரு தலைமுறையின் விரல்களிற் பதிந்த பழக்கம், அதனை உண்டாக்கிய காரணம் நீங்கிய பின்னரும் சிலகாலம் நின்று நிலவுதல் இயல்பே.

மறுபுறத்தில், தமிழின் தூய்மைக்கு ஊறு நேர்ந்துவிட்டதென எழும் கூக்குரல்களையும் நாம் நிதானமாக நோக்கவேண்டும். 2005 இல் 'ஶ' எனும் கிரந்த எழுத்து தமிழுக்குரிய இடத்திற் சேர்க்கப்பட்டதும், கிரந்த எழுத்துக்குத் தனியிடம் வழங்கும் யோசனை 2010 இல் எழுந்ததும் கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன. கிரந்தம் 2014 இல் தனித் தொகுதியாக ஒருங்குறியில் இடம்பெற்றது. எதிர்ப்பின் ஆற்றல் பெரும்பாலும் 'வடமொழி ஊடுருவல்' எனும் உணர்வுத் தளத்திற் செலவாயிற்று. ஆயின் அன்றாடப் பாதிப்பு வேறிடத்தில் இருந்தது. 'ஸ்ரீ' எனும் வடிவத்தைச் சில கணினிகள் சகர வகை எழுத்தான 'ஶ' வைக்கொண்டும், சில 'ஸ' வைக்கொண்டும் சேமிக்கலாயின. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் 'ஸ்ரீலங்கா' எனுஞ் சொல் கணினிக்கு இரண்டு சொற்களாயிற்று. ஒன்றைத் தேடின் மற்றது அகப்படாது போகலாம். சேர்த்தியத்தின் முழு உறுப்புரிமைக்குப் பல்லாயிரம் டொலர் ஆண்டுக் கட்டணம் வேண்டும். வாக்குரிமையிற் பெருநிறுவனங்களே முதன்மை பெறுகின்றன எனும் அமைப்பியற் செய்தி, உணர்ச்சிப் பெருக்கினிடையே பின்தள்ளப்பட்டது.

5

இவற்றிற்கெல்லாம் நடுவே, ஊதியம் பெறாத உழைப்பொன்று தொடர்ந்து நடைபெற்றுவந்துள்ளது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுப் பொதுவில் வைத்தது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் தொகுக்கும் நூலகம் திட்டம் 2005 இல் தொடங்கியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்ட அனுபவத்தையுடைய சமூகமொன்றிற்கு இப்பணியின் பெறுமதியை எடுத்துரைக்கத் தேவையில்லை. எனினும் பக்கங்களைப் படமாகச் சேமித்தலால் நூல் அழியாதிருக்குமேயன்றி, அதன் சொற்கள் தேடுதற்குரியனவாகிவிடா. படத்திலிருந்து எழுத்தும், பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறியும் பெறப்படவேண்டும்.

இங்கே மற்றொரு முரண்பாடும் தோன்றுகின்றது. தன்னார்வலர் பொதுவில் வைத்த பனுவல்கள் இன்று பெருநிறுவனங்களின் மொழி மாதிரிகளுக்கு மூலப்பொருளாகக் கூடியன. அதற்காகப் பொதுமையை மூடிவைத்தல் தீர்வாகாது. மூடினால் முதலில் இழப்போர் நம் மாணவரே. பொதுமையை விரிவாக்கி, அதன் பயன் உழைத்தோர் சமூகத்திற்குத் திரும்பும் வழியைக் கோருவதே முற்போக்கான நிலைப்பாடாகும்.

எனவே செய்யவேண்டுவன சில உள. ஆய்வேடுகளை ஒருங்குறி வடிவிலும் ஒப்படைக்கவேண்டுமென நமது பல்கலைக்கழகங்கள் விதித்தல் வேண்டும். ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டவற்றை மாற்றும் பணிக்கு ஊதியம் வழங்கி, நாம் மேலே குறிப்பிட்ட தட்டச்சாளரையே அதில் அமர்த்தலாம். பாமினியை அவரைவிட நன்கறிந்தோர் இலர். எழுத்துரு மாற்றிகளும் அவற்றின் அட்டவணைகளும் எவரது தனியுடைமையுமாகாது பொதுவில் வைக்கப்படவேண்டும். தமிழ்ச் சங்கங்கள் தம் பழைய இதழ்களின் கோப்புகளை இன்றே தேடியெடுக்கலாம். அவை பழைய வட்டுகளிலும், கைவிடப்பட்ட கணினிகளிலும், மூடப்பட்ட அச்சகங்களிலும் கிடக்கின்றன. வட்டு இயங்கும் காலமும், பாமினி அறிந்த விரல்கள் நம்மிடையே உள்ள காலமும் வரையறையுடையன. எந்த எழுத்துரு அழகியது எனும் வாதத்தை அதன் பின்னரும் நடத்தலாம்.